நீராவிப் பொட்டல்

கொன்றைப்பட்டி,
திருச்சுழி வட்டாரம்,
8-2-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்செல்வி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். பாளையம்பட்டியில் அப்பாவும் அம்மாவும் சுகம். வத்தல் கடையில் வியாபாரம் சுமார்தான் என்று அப்பா வழக்கம்போலச் சொல்கிறார். லோகோ ஷெட்டில் வெக்கை தாங்கவில்லை என்று எழுதியிருந்தாயே, இப்போது உடம்பு எப்படி?

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். அம்மாவிடம் "கவர்மெண்டு மாதிரி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு உள்ளதை எழுதுகிறேன். மதுரையில் ஓர் ஆய்வு நிலையம். வறண்ட ஊர் ஒன்றில் செய்கிற வளர்ச்சி, செய்தவர்கள் போன பிறகும் நிலைக்க என்ன வழி என்று அது ஆராய்கிறது. ஒரு படிப்பு மட்டும் படித்தவர்களால் இதற்கு விடை காண முடியாது என்பது எங்கள் பேராசிரியர் முத்துமாரியம்மாளின் கட்சி. அதனால் பல படிப்புக்காரர்களை ஒரே ஜீப்பில் ஏற்றியிருக்கிறார். குளம் வெட்டக் காசிராஜன் என்ற என்ஜினீயர். மண்ணைப் பார்க்கச் செல்வக்குமார். பொருளாதாரத்துக்கு ஹரி. தமிழுக்கு நான். ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து எம்.ஃபில். வாங்கியவளுக்கு இங்கே என்ன வேலை என்று காசிராஜன் சார் முதல் நாளே கேட்டார். "ஃபாரம் நிரப்ப ஆள் வேண்டாமா?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இந்த ஊருக்கு நல்ல தண்ணீர் இல்லை. முன்பு ஊருணி இருந்தது. போன வறட்சியில் அதை ஆழப்படுத்துகிறோம் என்று, களிமண்ணைத் தாண்டி அடியிலிருந்த சுக்கான் பாறை வரைக்கும் தோண்டிவிட்டார்கள். இப்போது பெய்கிற மழை கீழே இறங்கிவிடுகிறது. தேங்குகிற கொஞ்சமும் உப்பு. பெண்கள் குடத்தோடு பக்கத்து ஊருக்குப் போய் ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் திட்டத்தில் ஒரே ஒரு குளம் வெட்டப் பணம் இருக்கிறது. எங்கே வெட்டுவது என்பதுதான் கேள்வி.

நான் காட்டுப் பெயர்களை, அதாவது புஞ்சை, ஓடை, பொட்டல்களின் பெயர்களைக் கேட்டு எழுதுகிறேன். உவரோடை, நரிப்புஞ்சை, சுக்காங்காடு. ஊருக்கு மேற்கே சீமைக்கருவை மூடிக்கிடக்கும் இடத்துக்கு நீராவிப் பொட்டல் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே பஞ்சு அரைக்கும் நீராவி எஞ்சின் ஓடியதாம். நாளெல்லாம் நீராவியோடு மல்லுக்கட்டுகிறவனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன் அன்புத் தங்கை,
தங்கச்செல்வி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
மத்தியப் பிரதேசம்,
20-2-1987

அன்புள்ள தங்கத்துக்கு,

நான் சுகம். வெக்கைக்குக் குடிக்க மோர் இங்கே கிடைக்காது, டீதான். அப்பா இன்னும் என்னை "மெஷின் கடையில் இருக்கான்" என்றுதான் ஊரில் சொல்கிறாரா? ஃபிட்டர் என்று சொன்னால் வத்தல் விலை இறங்கிவிடுமா?

எஞ்சின் சேதி படித்தேன். எனக்கு ஒன்று இடிக்கிறது. நீராவி எஞ்சின் மாடு மாதிரி. தீனியைவிடத் தண்ணீர்தான் அதிகம் கேட்கும். குடிக்கவே தண்ணீர் இல்லாத பொட்டலில் அதற்கு யார் தண்ணீர் வைத்தது? கேட்டுச் சொல். எஞ்சின் நின்ற இடம் என்றால் சாம்பல் மேடு இருக்க வேண்டும். செங்கல் மேடை இருக்கும். மேடையில் போல்ட் இறக்கிய துளைகள் இருக்கும். எப்படி இருக்கும் என்று பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். படம் நன்றாக இருக்கிறது என்று எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ராஜகுரு


கொன்றைப்பட்டி,
8-3-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். படம் மிக நன்றாக இருக்கிறது. செல்வக்குமார் சார் வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் டிராஃப்ட்ஸ்மேனா?" என்று கேட்டார்.

படத்தை எடுத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். அங்கே சில குடும்பங்கள் கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றன. அவர்களில் ஒச்சம்மாள் என்பவள்தான் பேசுவாள். மற்றவர்கள் அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"இஞ்சினைப் பாத்தவுக யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டேன்.

"பாத்தவுக செத்துப் போனாக. அவுகளும், பாத்தவுக சொன்னதாத்தான் சொன்னாக."

"இங்க சாம்பல் மேடு எதுவும் கிடந்துச்சா?"

"ஏந்தாயி, கரி சுடுற எடத்துல வந்து சாம்பல் கிடந்துச்சான்னு கேக்குறியே! நாங்க இங்க என்ன மல்லியப்பூவா கட்டுறோம்?"

உன் சாம்பல் சோதனை அத்தோடு போயிற்று. செங்கல் மேடையும் இல்லை. ஆனால் ஒரு கல் இருக்கிறது. முழங்கால் உயரம், மேல்பக்கத்தில் கை நுழையும் அளவுக்குத் துளை. அதற்குப் பெயர் இஞ்சின் சாமி! சிரிக்காதே. ஆயுத பூஜைக்குத் தூத்துக்குடி ரோட்டு லாரிக்காரர்கள் பந்தல்குடியிலிருந்து வந்து, அதன் தலையில் இஞ்சின் ஆயில் ஊற்றி எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். புது லாரி எடுத்தால் முதல் கும்பிடு இங்கேதான். கல் எண்ணெய் குடித்துக் கறுத்துப்போய் நிற்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. மதுரைக்குப் போயிருந்தபோது பழைய அகராதியைப் புரட்டினேன். ஆவி என்றால் உயிர், புகை என்பது எல்லாருக்கும் தெரியும். குளம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. வாவி என்கிறோமே, அதேதான். நீராவி என்றால் நீர் நிற்கும் குளம். அந்தச் சொல் வழக்கிலிருந்து போன பிறகு பெயர் மட்டும் தங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நீராவி என்றால் எஞ்சின் என்று படித்தவர்கள், பெயருக்குப் பொருத்தமாக ஓர் எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அண்ணா, அந்தப் பொட்டலே ஒரு குளம்!

கூட்டத்தில் சொன்னேன். காசிராஜன் சார் சிரித்தார். "அகராதியைப் பாத்துக் குளம் வெட்டணுமா மேடம்? அப்ப நரிப்புஞ்சையில நரி புடிக்கலாமே." பழைய ஊருணியையே சிமெண்டு பூசிச் சரிசெய்யலாம் என்பது அவர் திட்டம். செல்வக்குமார் சார், "ஒரு குழி போட்டுப் பாக்குறதுல என்ன நஷ்டம்?" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்து, "பேரு மட்டும் சொன்னா பத்தாதும்மா. பேரும் மண்ணும் கல்லும் ஒண்ணையே சொன்னாத்தான் வெட்ட முடியும்" என்றார்.

அப்போது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "குழியில வண்டல் வரலைன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் தெரிய வேண்டாம். விருதுநகர் எண்ணெய் வியாபாரி வீட்டிலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் எப்போது வேலையை விடுவேன் என்றுதான் அம்மா காத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கச்செல்வி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
19-4-1987

தங்கத்துக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஷெட்டில் வேலை அதிகம். பேனா சரியில்லை.

போல்ட் துளை மேலிருந்து கீழே இறங்கும். நீ சொன்ன கல்லில் துளை எப்படிப் போகிறது என்று பார். பக்கவாட்டில் போனால் அதில் எந்த எஞ்சினையும் பிணைக்க முடியாது. ஓட்டம் எடுத்த அன்றைக்கே கல் பிளந்துவிடும்.

வேலையை விடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டாம். சொன்னது சொன்னதுதான். குழி போடு.

அம்மாவுக்குத் தனியாக எழுதவில்லை. சுகம் என்று சொல்.

ராஜகுரு


கொன்றைப்பட்டி,
27-4-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் எல்லாருக்கும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். உன் எழுத்து எப்போதும் வலப்பக்கம் சாயும். இந்தக் கடிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. படமும் போடவில்லை. பேனா இவ்வளவு செய்யுமா? வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கடிதத்தைக் கேட்டாள். கையில் கொடுக்காமல் நானே வாசித்துக் காட்டினேன்.

துளை பக்கவாட்டில்தான் போகிறது.

குழி போட எல்லாரும் சம்மதித்த பிறகு ஹரி குறுக்கே வந்தார். நியாயமான குறுக்கீடு. பொட்டல் குளமாகிவிட்டால் கரி சுடுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார். ஒச்சம்மாள் அதையே வேறு மாதிரி கேட்டாள்: "எங்க மூட்டத்துல தண்ணிய ஊத்திட்டு, ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்கப் போறீகளாக்கும்?"

 இரண்டு நாள் ஜீப்பில் இதே வாதம்தான். பிறகு ஹரியும் செல்வக்குமார் சாரும் சேர்ந்து உட்கார்ந்து வழி கண்டார்கள். குளம் அமைந்தால், பொட்டலிலுள்ள கருவையை வேரோடு எடுத்துச் சுடும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கே. உவரோடைக் கரையில் வேறெதுவும் முளைக்காது. அங்கே கருவை எப்போதும் அவர்களுக்காக நிற்கும். கரையைக் காக்கும் கூலி வேலையும் அவர்களுக்கே. ஒச்சம்மாள் ஒரு நிபந்தனை போட்டாள். இஞ்சின் சாமியை யாரும் அசைக்கக் கூடாது.

அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். காப்பு அவிழ்க்கும்வரை ஊரில் மண்வெட்டி படக் கூடாது. அதுவரைக்கும் நான் வேலையில் இருக்கிறேன்.

உண்மையை எழுது.

தங்கச்செல்வி


கொன்றைப்பட்டி,
24-5-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் பதில் இன்னும் வரவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்றுக் குழி போட்டோம். மேலே கரித்தூள், அதன் கீழே கரிசல். இடுப்பளவு போன பிறகும் அதே கரிசல். காசிராஜன் சார் ஜீப்பில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குழியைப் பார்க்கப் பயந்து, வெட்டுகிறவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய மண்ணின் நிறம் மாறியது. செல்வக்குமார் சார் உள்ளே இறங்கி, ஒரு கட்டியை எடுத்துக் கத்தியால் சீவினார். உள்ளே ஏடு ஏடாக மெல்லிய படிவம். அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நத்தை ஓடு.

"வருஷா வருஷம் தண்ணி நின்னு படிஞ்ச வண்டல்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காசிராஜன் சார் காதில் அது எப்படி விழுந்ததோ, இட்லிக் கையோடு ஓடிவந்தார்.

அதன் பிறகு குழி அவருடையதாகிவிட்டது. சாமி கல்லை ஒட்டி அவரே மண்வெட்டி பிடித்தார். கல் கீழே போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் தலை உடைந்த இன்னொரு கல்; இரண்டையும் இணைக்கும் குறுக்குப் பலகைக்கல். "மடை! இது மடைத்தூண்யா!" என்று கத்தினார். சட்டையெல்லாம் இஞ்சின் ஆயில். குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மடையின் தலைதான் இத்தனை காலமும் மண்ணுக்கு வெளியே நின்று எண்ணெய் குடித்திருக்கிறது.

மேலே நின்றவர்களுக்குள் சண்டை. "ஏலே, இஞ்சின் இல்லலே, மடையாம்லே!" "அப்ப நம்ம ஊத்துன ஆயிலு?" "இனிமே மடைச்சாமின்னு கும்புட வேண்டியதுதான்." ஒச்சம்மாள் விடவில்லை: "மடைச்சாமின்னு சொன்னா, கும்புடுறவன மடையன்னு லாரிக்காரன் சிரிப்பான். சாமி பேருல யாரும் கை வைக்காதீக. இஞ்சினா இருந்தா என்ன, மடையா இருந்தா என்ன, இருந்த எடத்த விட்டுப் போகல பாரு."

காசிராஜன் சார் குழியிலிருந்து ஏறிவந்து என் முன்னால் நின்றார். "ஃபாரமெல்லாம் இனிமே நானே நிரப்பிக்கிறேன்" என்றார்.  ஜீப்புக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண்ணில் கரித்தூள் என்று சொன்னேன்.

நான் வேலையை விடவில்லை, அண்ணா. பேரும் மண்ணும் கல்லும் ஒன்றையே சொல்லிவிட்டன.

தங்கச்செல்வி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
7-6-1987

என் அன்புத் தங்கத்துக்கு,

உன் கடிதத்தை ஷெட்டில் எல்லாருக்கும் இந்தியில் சொன்னேன். இஞ்சின் சாமிக்கு இங்கிருந்து காணிக்கை அனுப்பலாமா என்று கேட்கிறார்கள்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்குள் இருந்த குளத்தைக் கண்டவளிடம் என் எழுத்தை மறைக்கப் பார்த்தேன். பங்குனியில் எஞ்சினில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்தது. வலது கை வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது தோல் மூடிவிட்டது, விரல்கள் மடங்குகின்றன, ஸ்பேனர் பிடிக்க இன்னும் நாளாகும். அந்தக் கடிதமும் இதுவும் இடது கைதான். அம்மாவுக்குத் தெரிந்தால் ரயிலேறி வந்துவிடுவாள். அப்பா வந்து கூட்டிக்கொண்டே போய்விடுவார்.

உன் நீராவி தண்ணீர், என் நீராவி வெந்நீர். அவ்வளவுதான் வித்தியாசம். கவலைப்படாதே.

ராஜகுரு


கொன்றைப்பட்டி,
18-10-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கை குணமாகி வருவதாக மாதாமாதம் கார்டு போடுகிறாய். நம்புகிறேன், எழுத்து நிமிர்ந்துகொண்டு வருவதால். அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீ நேரில் வந்து கையை ஆட்டிக் காட்டிவிட்டுச் சொல்.

குளம் தயார். வண்டல் முழுக்க வண்டி வண்டியாகப் புஞ்சைகளுக்குப் போய்விட்டது. களிமண் தென்பட்டதும் செல்வக்குமார் சார் "போதும்" என்றார். என்ஜினீயர் அதற்குக் கீழே ஒரு வெட்டுக்கூட வெட்டவிடவில்லை. மழையும் நன்றாகப் பெய்தது. ஆனால் குளத்துக்குள் விழுந்த மழையைத் தவிர வேறு தண்ணீர் வரவில்லை. ஊர் தினமும் கரைக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுபடியும் பெயர்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வடக்கே காலடிப் புஞ்சை என்று ஒன்று. ஏதோ சாமியின் காலடி பட்ட இடம் என்று சொன்னார்கள், நானும் அப்படியே எழுதிவைத்திருந்தேன். கால் என்றால் வாய்க்கால்! வாய்க்காலுக்கு அடியில் கிடக்கும் புஞ்சை. காசிராஜன் சார் மட்டம் பார்க்கும் கருவியோடு அங்கிருந்து நடந்தார். குளத்துக்கு நீர் கொண்டுவந்த பழைய வரத்துக்கால் தார் ரோட்டில் வந்து முட்டி நிற்கிறது. ரோடு போட்டவர்கள் அடியில் குழாய் வைக்கவில்லை. ரோட்டை வெட்டினால் தண்ணீர் வரும். ஊருக்கு வருகிற ஒரே பஸ் நிற்கும். குழாய் வந்து சேரத் தை மாதம் ஆகும். அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். இந்த வருஷம் குளம் நிறையாவிட்டால் மறுவருஷம் இந்தத் திட்டத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் ஆண்டிச்சாமி, "பஸ்ஸு நின்னா பூ லோடு எப்படிப் போகும், பிள்ளைக எப்படிப் பள்ளிக்கூடம் போகும்?" என்கிறார். அதுவும் சரிதானே.

கார்த்திகையில் அப்பா என்னைக் கூட்டிப்போக வருகிறார். விருதுநகர்க்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்களாம்.

தங்கச்செல்வி


ரயில்வே குவார்ட்டர்ஸ்,
26-10-1987

தங்கத்துக்கு,

சுகம். வலது கையால் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

எங்கள் பாதையில் பாலம் பழுதானால் ரயிலை ரத்து செய்யமாட்டோம். இந்தப் பக்கம் ஒரு வண்டி, அந்தப் பக்கம் ஒரு வண்டி. ஆட்கள் நடுவில் நடந்து போய் மாறி ஏறுவார்கள். உன் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் ஏற வேண்டியது ஊர்க்காரர்கள் மட்டும்தானே? வெட்டின இடத்தில் பலகை போடுங்கள். பஸ் அங்கேயே நின்று திரும்பட்டும். பூக்கூடையை ஆள் கைமாற்றிக் கொடுத்தால் ஆயிற்று. தலைவரிடம் சொல். ரயிலே கேட்கும்போது பஸ் கேட்காதா?

ராஜகுரு


கொன்றைப்பட்டி,
29-11-1987

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லாரும் மிகவும் சுகம். இந்த முறை இது வழக்கத்துக்காக எழுதுவது அல்ல.

உன் கடிதத்தைத் தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். "ரயில்வேக்காரரே சொல்லிட்டாக" என்று ஊரைக் கூட்டிவிட்டார். மறுநாள் ரோட்டை வெட்டினார்கள். காசிராஜன் சார் கோடு போட, ஒச்சம்மாள் வீட்டு ஆட்கள் கடப்பாரை போட்டார்கள். அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெட்டு வழியாகச் செந்தண்ணீர் இரைந்துகொண்டு போனதை ஊரே ரோட்டில் நனைந்தபடி நின்று பார்த்தது. குளம் நிறைந்து, கலுங்கு வழியாக மிச்சம் வழிந்தது. தெளிந்த பிறகு செல்வக்குமார் சார் சோதித்துப் பார்த்தார். நல்ல தண்ணீர். பக்கத்து ஊர்க்காரிகள் இப்போது குடத்தோடு இங்கே வருகிறார்கள். நம்மவர்கள் அவர்களை ஏசவில்லை, "வாங்க, வாங்க, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

அறிக்கையை ஆளுக்கொரு பகுதியாக எழுதப் போவதில்லை. நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அறிக்கையாக எழுத வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வரியொன்றுக்குச் சண்டை வருகிறது. அடுத்து இந்த வட்டாரம் முழுக்கக் காட்டுப் பெயர்களைத் தொகுக்கும் வேலை. அதற்கு நான் பொறுப்பு. காசிராஜன் சார் எனக்குக் கீழே!

முந்தாநாள் அப்பா வந்தார். பஸ் வெட்டு ஓரத்தில் நின்றுவிட்டது. முந்தைய மழையில் பலகை நனைந்து வழுக்கியதால் அவர் அதை நம்பவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார். முகத்தில் கோபம். என்னைப் பார்த்ததும், "பொட்டியக் கட்டு" என்றார்.

அதற்குள் ஒச்சம்மாள் வந்துவிட்டாள். "நீங்கதான் நீராவி கண்ட பிள்ளையோட அப்பாவா? நில்லுங்க, ஒரு செம்பு குடிச்சிட்டுப் போங்க." அப்பா மறுக்க முடியாமல் வாங்கினார். நம் கடையில் வத்தலை வாயில் போட்டுப் பார்ப்பாரே, அப்படிக் கொஞ்சம் வாயில் வைத்துப் பார்த்தார். பிறகு செம்பை முழுக்கக் குடித்தார்.

"உப்பில்லையே" என்றார்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரைமேல் ஏறி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் அவரை நிறுத்திப் பேசினார்கள். திரும்பி வந்தபோது பெட்டியைக் கட்டச் சொல்லவில்லை.

"விருதுநகர்க்காரககிட்ட என்னப்பா சொல்லப் போறீக?" என்று நான்தான் கேட்டேன்.

"மக வேலையா இருக்கா, வேணும்னா அவுக இங்க வந்து பாக்கட்டும்னு சொல்லுறேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேட்டி நனையும்னும் சொல்லிடுறேன்" என்றார்.

பஸ்வரைக்கும் கூடப் போனேன். பலகை காய்ந்திருந்தது. அதில் ஏறிப் போகச் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரிலேயே இறங்கி, மெதுவாக நடந்து போனார்.

உன் தங்கை,
தங்கச்செல்வி